கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பின் கரையோரத்தில் அண்மையில் குடியேறிய வாசகர்களிடமிருந்து கடலையும் வாவியையும் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் நான்கைத் தேர்ந்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பதுளையிலிருந்து இடமாற்றம் பெற்று வந்து கல்லடியில் வீடு வாங்கியிருக்கிறோம். கடற்கரை முந்நூறு யார் தூரம்கூட இல்லை. காணியை விற்றவர், "இந்த ஒழுங்கையால் நேரே கடலுக்குப் போகலாம்" என்று சொல்லித்தான் விற்றார். இப்போது ஒழுங்கையின் கடைசி வளவுக்காரர் தகர வேலி போட்டு அடைத்துவிட்டார். கடற்கரை எல்லோருக்கும் பொதுதானே? அவர் எப்படி அடைக்கலாம்?
– ஓர் ஆசிரியை, கல்லடி

பதில்: கடற்கரை பொது என்பதில் ஐயமில்லை. அலை ஏறியிறங்கும் மணற்பரப்பு அரசுக்குரியது. அதை எவரும் தமது காணி உறுதியில் எழுதிக்கொள்ள முடியாது. ஆனால், அந்த மணலுக்குப் போகும் வழியும் பொதுவா என்பது வேறு கேள்வி. உங்களுக்கும் அயலவருக்கும் உள்ள பிணக்கு இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டரும் சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீட்டரும் கொண்ட பகுதியைக் கரையோர வலயம் என்று வகுத்து, அதற்குள் செய்யப்படும் கட்டுமானம் முதலிய வேலைகளுக்கு அனுமதி பெற வேண்டும் என்கிறது. இதைக் கேட்டவுடன், வலயத்துக்குள் இருக்கும் காணியெல்லாம் பொதுக் காணி என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. நீங்கள் சொல்லும் தூரத்தைப் பார்த்தால் உங்கள் வீடே அந்த 300 மீட்டருக்குள்தான் வருகிறது. அதனால் உங்கள் வளவுக்குள் ஊரார் நடந்து போகலாம் என்று ஆகிவிடுமா? (வீட்டோடு ஏதாவது சேர்த்துக் கட்டும் எண்ணம் இருந்தால், அனுமதியைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.)

விற்றவர் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் வந்த காலந்தொட்டு, இந்நாட்டில் காணியின் மீதான உரிமை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் செய்யப்பட்டாலன்றிக் கைமாறாது. ஆகவே முதலில் உங்கள் உறுதியையும், அதில் குறிப்பிடப்பட்டுள்ள நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். பெரிய காணியொன்றைத் துண்டாடியபோது வரையப்பட்ட படமாயின், ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் தெரியும். கடற்கரை வரை கோடு போயிருந்தால் உங்கள் பக்கம் பலமானது. அடுத்ததாக, அந்த ஒழுங்கை மாநகர சபையின் வீதிகளுள் ஒன்றாகப் பதியப்பட்டுள்ளதா என்று சபையில் விசாரியுங்கள். பதியப்பட்டிருந்தால் வேலியை அகற்றுவிக்க வேண்டிய பொறுப்பு சபையினுடையது. நீங்கள் அயலவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இரண்டிலும் இல்லையென்றால், மிஞ்சுவது பாவனையால் வந்த வழியுரிமை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவரிடம் அனுமதி கேட்டல்லாமல், உரிமையோடு, இடையறாது 10 ஆண்டுகள் ஒரு குறித்த தடத்தால் போய்வந்திருந்தால் வழியுரிமை கோரலாம். நீங்கள் நேற்று வந்தவராயினும் உங்களுக்கு முன் அந்தக் காணியை வைத்திருந்தவர்கள் நடந்த காலமும் கணக்கில் சேரும். சிக்கல் என்னவென்றால், கல்லடி, நாவலடிப் பக்கத்தில் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் வீடுகளோடு வேலிகளையும் எல்லைக் கற்களையும் வாரிக்கொண்டு போனது. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் குடியிருக்க வேண்டாம் என்று அரசு அறிவித்ததும், பிறகு அதைத் தளர்த்தியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த இடைக்காலத்தில் பலர் உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் நினைவிலிருந்த இடத்தில் வேலி போட்டார்கள். ஆகவே பழைய தடம் எது என்று சாட்சி சொல்ல ஊரில் முதியவர்களைத் தேட வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரின் துணையும் வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் முன்னால், அவர் ஏன் அடைத்தார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இந்தப் பக்கத்துக்கு வரும் முறைப்பாடுகளைப் பார்த்தால், இரவில் மோட்டார் சைக்கிளோடு வந்து குடித்துவிட்டுப் போத்தலை உடைத்துப் போட்டுப் போகிறவர்களுக்குப் பயந்து அடைத்தவர்களே அதிகம். ஆள் மட்டும் நுழையக்கூடிய மூன்றடிப் படலை ஒன்றுக்கு அவர் இணங்கக்கூடும். அதன் செலவில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். சரிவராவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமும், பின்னர் மத்தியஸ்த சபையிடமும் போகலாம். பொலிஸ் வழியாக ஆரம்ப நீதிமன்றத்தில் தற்காலிகக் கட்டளை ஒன்றைப் பெறவும் வழியுண்டு. இருந்தாலும் பக்கத்து வீட்டாரோடு முதல் ஆண்டிலேயே நீதிமன்றப் படி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு விடுதிக்கு முன்னால் உள்ள மணலில் நடந்தபோது காவலாளி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கல்குடாவில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த உரிமை இல்லையா?
– ஒரு வாசகர், கல்குடா

பதில்: உண்டு, கொழும்பிலிருந்து ஒரு நாளைக்கு வந்துபோகிறவருக்கும் அதே அளவு உண்டு. விடுதியின் வளவு, அவர்கள் போட்டிருக்கும் சாய்கதிரைகள், குடைகள் ஆகியவை அவர்களுடையவை. அலை நனைக்கும் மணல் அவர்களுடையதன்று. வளவுக்குள்ளால் போகாமல் பொதுக் கடற்கரைப் பக்கமாக இறங்கி நீர்க்கரையோடு நடந்தால் எவரும் மறிக்க முடியாது. மீண்டும் மறித்தால் வாக்குவாதம் வேண்டாம். திகதியையும் நேரத்தையும் குறித்து கோறளைப்பற்றுப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுடன் நாவலடிக் கடற்கரைக்குப் போகிறோம். கரைவலை இழுப்பவர்கள், "அங்கால போங்க" என்று விரட்டுகிறார்கள். பொது இடத்தில் அவர்களுக்கு மட்டும் என்ன தனி உரிமை?
– புதிதாகக் குடிவந்த ஒரு தாய்

பதில்: முன்னைய பதிலைப் படித்துவிட்டு இதைக் கேட்டிருந்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இங்கே நான் மீனவர் பக்கம் நிற்கிறேன். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் அனுமதியோடு, பரம்பரை வழக்கையும் அனுசரித்து, இன்ன பாட்டில் இன்னாருக்கு முறை என்று ஒழுங்கு இருக்கிறது. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் வைத்துவிட்டுத் தோணியில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகப் போட்டு, மறு நுனியைத் தொலைவில் கரைசேர்த்து, இரு பக்கத்திலும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். முறுகி நிற்கும் அந்தக் கயிற்றின் குறுக்கே பிள்ளை ஓடினால் காலைச் சிதைத்துவிடும். வலை நெருங்கிவரும் வேளையில் அந்த வளையத்துக்குள் குளித்தால் மீன் கலைந்துவிடும். இருபது, முப்பது குடும்பங்களின் அன்றைய உழைப்பு அதோடு போய்விடும்.

வலை கரையேறும் வரை கயிறுகளுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக இருந்துகொள்ளுங்கள். வலை ஏறியதும் யாரும் உங்களை விரட்டமாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் கயிற்றில் ஒரு கை கொடுத்தால் கறிக்கு மீனும் கிடைக்கும். இது எழுதப்படாத வழக்கம்.

குளிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடக்கலாம் என்பதைக் கண்டுவிட்டுக் கல்லடியிலும் அப்படியே இறங்குகிறார்கள். பாசிக்குடா பார்கள் எனும் கடலடிப் பாறைத் திட்டுகளால் காக்கப்பட்ட குடா; கல்லடி, நாவலடிக் கரை திறந்த கடல், நான்கைந்து எட்டில் ஆழம் பிடித்துவிடும். வடகீழ்ப் பருவம் கடுமையாக இருக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை அங்கே பிள்ளைகளை நீரில் இறக்கவே வேண்டாம். முகத்துவாரத்தில் எந்த மாதத்திலும் வேண்டாம்: மாரியில் மணல் திட்டு உடைந்தோ வெட்டப்பட்டோ வாவி நீர் கடலுக்குப் பாயும்போது நல்ல நீச்சல்காரரையும் அது வெளியே தள்ளிவிடும். நீர் இழுத்தால் அதற்கு எதிராக நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். அவசரத்துக்கு 119, அம்புலன்சுக்கு 1990.

கேள்வி: சுவிற்சர்லாந்திலிருந்து ஊர் திரும்பிவிட்டேன். கையோடு காற்றடைக்கும் சிறு படகு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். இயந்திரம் பூட்டிய பைபர் படகு ஒன்றும் வாங்க எண்ணுகிறேன். பொழுதுபோக்குக்குத்தான், கிடைத்தால் மீனும் பிடிக்கலாம். யாரிடம் அனுமதி பெற வேண்டும்?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: "கிடைத்தால் மீனும் பிடிக்கலாம்" என்ற இடத்தில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதியப்பட வேண்டும். குறித்துரைக்கப்பட்ட மீன்பிடி முறைகளுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரைக் கண்டால் படிவம் முதல் கட்டணம் வரை சொல்வார். தங்கூசி வலையை (ஓரிழை நைலோன் வலை) எவராவது மலிவாக விற்க வந்தால் வாங்காதீர்கள்; அது தடைசெய்யப்பட்டது.

காற்றடைத்த படகை எக்காரணத்தாலும் கடலில் இறக்காதீர்கள். மே மாதத்திலிருந்து நமது கடல் குளம் போல் கிடக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைக் கண்டு மயங்குவது வழக்கம். அந்த மாதங்களில் வீசும் கச்சான், தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரம் அலையில்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எடையற்ற படகைத் துடுப்பு போடப் போட வெளிக்கடலுக்குக் கொண்டுபோவதும் அதே காற்றுத்தான். ஒரு கிலோமீட்டர் போனபின் திரும்பிவரப் பார்த்தால் கை சோர்ந்துவிடும்.

வாவி இருக்கக் கடல் எதற்கு? கல்லாறு வரையும் அதற்கப்பாலும் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஆழம் குறைந்த நீர். சிறு படகுக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் அங்கேயும் நீங்கள் வெறும் நீரில் போகவில்லை. கம்பு நட்டிருந்தாலோ மிதவை கிடந்தாலோ அதன்கீழ் யாரோ ஒருவரின் வலை இருக்கிறது. சுற்றிப் போங்கள், இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போங்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் பாதை எனும் மிதவைப் படகு ஓடுகிறது. அதன் முன்னால் குறுக்கிடக் கூடாது. முதலை உண்டு, குறிப்பாக ஆள் நடமாட்டம் குறைந்த கண்டல் ஓரங்களில். காலை நீரில் தொங்கவிட்டு உலாத்த வேண்டாம். உயிர்காப்பு அங்கி அணியாமல் ஏறவும் வேண்டாம்.

பைபர் படகைப் பொறுத்தவரை, ஓர் ஆண்டு பொறுத்து வாங்குங்கள் என்பதே என் கருத்து. அதுவரை வாவியில் தொழில் செய்யும் ஒருவரின் தோணியைக் கூலிக்குப் பிடித்து, அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மாதத்தில் எங்கே தரை தட்டும், எந்தப் பக்கத்திலிருந்து காற்று மாறும் என்பதை அவர் வாயால் கேட்டறிவது உங்களுக்கு வேண்டும். அவருக்கும் ஒரு வருமானம். பிறகு படகு வாங்கினால் அதைக் கட்டிவைக்க ஒரு துறை தேவைப்படும். துறைகள் வெறுமையாகத் தோன்றினாலும் ஒவ்வொன்றிலும் யாருடைய தோணி எங்கே நிற்கும் என்ற வரிசை உண்டு. படகை இறக்குவதற்கு முன் அங்குள்ள மீனவர் சங்கத் தலைவரை வீட்டில் போய்க் கண்டு, எந்த இடத்தில் கட்டலாம் என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் உங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் உங்கள் இயந்திரத்துக்குக் காவலாக இருக்கப்போகிறவர்களும் அந்தத் துறைக்காரர்களே.