ஆறு மணி பஸ்ஸும் அவசர ஊசியும்

கேள்வி: என் மகளுக்கு வயது 14. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் வகை இனிப்புநீர் (நீரிழிவு) என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அன்றிலிருந்து நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போடுகிறாள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறோம். விடியற்காலை ஐந்தரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, அரை டம்ளர் தேநீரோடு ஆறு மணி பள்ளி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். ரொட்டி பையில் போய்விடும். சென்ற மாதம் சபைக்கூடலில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். பசியாறாமல் வந்த மயக்கம் என்று நினைத்து, ஓய்வறையில் தனியாகப் படுக்க வைத்தார்களாம். ஊசிப் பேனா பள்ளி அலுவலகத்தில் பூட்டியிருக்கிறது. போய்க் கேட்க வெட்கம். கழிவறைக்குள் நின்று போட்டுக்கொள்ளவும் கூச்சம். அதனால் பல நாள் மதிய ஊசியை விட்டுவிடுகிறாள். பள்ளியை நிறுத்திவிடலாம் என்கிறார் அவள் அப்பா. அடுத்த மாதம் மூன்று நாள் முகாம் வேறு இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அன்புள்ள அம்மா, பள்ளியை நிறுத்தாதீர்கள். உங்கள் மகளை வீழ்த்தியது பள்ளிக்கூடம் அல்ல. ஐந்தரை மணி ஊசிக்கும் பத்து மணி இடைவேளைக்கும் நடுவில் கிடக்கும் வெறும் வயிறுதான்.

உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். ஐந்தரையோடு கூட்டிப் பாருங்கள். ஆறரையிலிருந்து ஏழரைக்குள். பிள்ளைகளைத் திடலில் வரிசையாக நிறுத்தும் நேரம் அது. சாப்பாட்டை நம்பிப் போட்ட மருந்து, சாப்பாடு வராததால் இரத்தத்தில் இருந்த சர்க்கரையை இறக்கிவிட்டது. இனித் தட்டில் உணவு வந்த பிறகுதான் ஊசி. ஊசி போட்டால் சாப்பிடாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அந்நேரத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்றால், பள்ளிக்குப் போய்ப் பசியாறும்போது அந்த ஊசியைப் போடலாமா என்று உங்கள் மருத்துவமனை நிபுணரிடம் கேளுங்கள். அளவையும் நேரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒரு நாளும் விடக் கூடாது.

பாகற்காய்ச் சாறு கொடு, நாவல் கொட்டைப் பொடி கொடு, ஊசியை நிறுத்து என்று தோட்டத்தில் யாராவது சொல்வார்கள். பாட்டிக்கு வந்த இனிப்புநீர் வேறு, பேத்திக்கு வந்தது வேறு. பேத்தியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அவள் உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. வெளியிலிருந்து இன்சுலின் வராவிட்டால் உயிர் நிற்காது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தாம்சனுக்கும் 14 வயதுதான். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் காப்பாற்றி வைப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியாது.

இப்போது அந்த ஓய்வறைக்கு வருகிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையன், வகுப்பில் உடம்பு நடுங்குகிறது என்று சொல்லியிருக்கிறான். கீழே போய்ப் படுத்துக்கொள் என்று தனியாக அனுப்பிவிட்டார்கள். மாடிப்படியில் கிடந்தவனைப் பக்கத்து வகுப்பு மாணவி பார்த்துக் கத்தியிருக்கிறாள். கையில் மிட்டாய் இருந்தது. தாள் பிரிக்கப்படவில்லை. சர்க்கரை அவ்வளவு இறங்கும்போது விரல்களுக்குத் தாளைப் பிரிக்கும் பிடி இருக்காது. பிழைத்துவிட்டான்; ஆனால் தாள் பிரிக்காத அந்த மிட்டாயை நான் மறக்கவில்லை. சர்க்கரை இறங்கிய பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது, நடக்க வைக்கவும் கூடாது. சர்க்கரைதான் பிள்ளையிடம் வர வேண்டும்.

மருந்தும் பிள்ளையிடமேதான் இருக்க வேண்டும். அலுவலகப் பூட்டுக்குள் இருக்கும் பேனா அவளுக்கு எதற்கு? ஊசி என்றதும் பள்ளி பயப்படுவது எனக்குப் புரிகிறது. மூடியுள்ள ஒரு பெட்டியில் வைத்து, பயன்படுத்திய ஊசி முனைகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள் என்று உறுதி கொடுங்கள். பெரிய பென்சில் பெட்டியே போதும்: சர்க்கரை பார்க்கும் கருவி, பட்டைகள், பேனா, குளுக்கோஸ் மாத்திரை. இன்னொரு பொட்டலம் சர்க்கரை வகுப்பாசிரியர் மேசையில் இருக்கட்டும். கழிவறையில் ஊசி போடுவது இன்றோடு முடியட்டும். ஆலோசனை ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியும் கை கழுவத் தண்ணீரும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

பேனா வெயிலில் வேகக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியில் வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வகுப்பறை அதைத் தாண்டிவிடும். ஈரத் துணி சுற்றிய சிறு டப்பாவுக்குள் வைத்து, ஜன்னலோரம் இல்லாமல் பையின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒருபோதும் வைக்காதீர்கள். வீட்டில் பிரிக்காத இன்சுலின் குளிர்பெட்டியில் இருக்கலாம், உறைய விடக் கூடாது.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், மலாயில். மருத்துவமனையில் கேட்டால் எழுதித் தருவார்கள். அவள் படம், உங்கள் இருவரின் தொலைபேசி எண், அறிகுறிகள், செய்ய வேண்டியவை. வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பஸ் ஓட்டுநர், இரண்டு தோழிகள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ‘குலா சாயா ரெண்டா’ (என் சர்க்கரை இறங்கிவிட்டது) என்று அவள் சொன்னால் எல்லோரும் எழுந்து ஓட வேண்டும் என்று தோழிகளிடம் சொல்லி வையுங்கள்.

கருவியில் 4-க்குக் கீழே வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டுக் காணொளிகளில் 70 என்பார்கள். அது அவர்கள் அளவு, நம் மில்லிமோல் கணக்கில் ஏறக்குறைய 4. பார்க்க நேரம் இல்லாவிட்டால் பார்க்காமலே கொடுங்கள். 15 கிராம் சர்க்கரை: மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, குளுக்கோஸ் மாத்திரையாகவோ. பெட்டிப் பானம் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பல வகைப் பானங்களுக்கு 2019-இல் வரி வந்த பிறகு பலவற்றில் இனிப்பைக் குறைத்துவிட்டார்கள்; முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போகலாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் மறுபடி 15 கிராம். ஏறியதும் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரையை வேகமாக ஏற்றும் குளுக்ககோன் ஊசி கிடைக்குமா, பள்ளியில் யார் போடுவது என்பதை மருத்துவமனையில் பேசி வையுங்கள்.

விழுவதற்கு முன் அடையாளம் உண்டு. அவள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் விரித்துப் பாருங்கள். நான் பார்த்த பிள்ளைகள் சிலரிடம், வியர்வைக்கும் நடுக்கத்துக்கும் முன்பே எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. காரணமில்லாமல் எரிந்து விழுவதும், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பதும் உண்டு. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியருக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. மதிய ஊசியை விட்டுக்கொண்டே போனால் சர்க்கரை ஏறி, வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை என்று வரும். வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தால் உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலின் வேண்டும். இந்த வயதில் உடலின் மாற்றங்களாலும் மாதவிலக்கு நாட்களிலும் அவள் தவறு செய்யாமலே சர்க்கரை ஏறும். கருவியில் வரும் எண்ணுக்காக ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை எண்ணை மறைத்துவிடும்.

விளையாடலாம், ஓடலாம். ஓடும் முன் பார்த்து, 5-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்ட பிறகு ஓடட்டும். 14-க்கு மேல் இருந்து கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) இருந்தால் அன்று ஓட வேண்டாம். ஓடிய அன்று இரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் படுக்கும் முன் கட்டாயம் பாருங்கள்.

முகாமுக்கும் அனுப்புங்கள். மூன்று நாளுக்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு இன்சுலினும் பட்டைகளும் இரண்டு பைகளில் பிரித்துப் போகட்டும், ஒன்று அவளிடம், மற்றொன்று உடன்போகும் ஆசிரியையிடம். சாப்பாட்டு நேரங்களை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளோடு முகாமுக்கு ஒரு வாரம் முன்பாக மருத்துவமனைக்குப் போங்கள். ஓட்டம் அதிகமுள்ள நாட்களில் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை நிபுணர் உங்களுக்குக் கணக்கிட்டுத் தருவார்.