சொந்த லேப் இல்லாமல் பயோடெக் தொழில்

கேள்வி: மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்து என்சைம் தயாரிக்கும் யோசனை எங்களிடம் இருக்கிறது. லேப் போடப் பணமில்லை. இன்குபேட்டரில் (புதிய தொழில்களுக்கு இடமும் கருவிகளும் தரும் மையம்) சேரலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. மத்திய அரசின் பைராக் நிறுவனம் 'பயோநெஸ்ட்' திட்டத்தில் நிதி தரும் இன்குபேட்டர்களில் வேலை மேசையை வாடகைக்கு எடுக்கலாம்; பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் கருவி), சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) போன்றவை பொதுவில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? ஃபெர்மென்டர் (பாக்டீரியாவை வளர்க்கும் கலன்) எத்தனை லிட்டர்? அங்குள்ள உயிரிப் பாதுகாப்புக் குழு உங்கள் வேலையையும் பரிசீலிக்குமா? குழு இல்லாமல் மரபணு மாற்ற வேலையைத் தொடவே கூடாது.

வழிகாட்டியாகப் பேராசிரியர் மட்டும் போதாது. உற்பத்திக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரும் வேண்டும். 250 மில்லி ஃபிளாஸ்கில் ஜோராக வளர்ந்த பாக்டீரியா 5 லிட்டர் ஃபெர்மென்டரில் ஆக்சிஜன் போதாமல் சுணங்கும். காற்றின் அளவையும் கலக்கியின் வேகத்தையும் கூட்டினால் நுரை பொங்கும். இதையெல்லாம் அனுபவஸ்தர்தான் சொல்லித் தருவார்.

பணத்துக்கு பைராக்கின் 'பிக்' மானியம் இருக்கிறது: 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை. ஸ்டார்ட்அப் போட்டி மேடையில் உங்கள் கண்டுபிடிப்பின் ரகசியத்தைக் கொட்டுவதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு.