பவர் பேங்க் கைப்பையில், இந்திய சிம் போனிலேயே

தம்பி, நம் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து முதல்முறையாக வேலைக்கு டோக்கியோ போகிறீர்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கை எந்தப் பையில் வைப்பது, அங்கே வங்கி ஓடிபி வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான். செக்-இன் பெட்டியில் கண்டிப்பாகக் கூடாது. 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சார அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. உங்களுடைய 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-அவர், அதை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர்தான் வரும். அதன் மேல் அச்சிட்ட எண் அழிந்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள், சோதனையில் பிடுங்கி வைத்துவிடக்கூடும்.

ஓடிபிதான் என்னைப் படுத்தியது. முதல் பயணத்தில் ரோமிங் (வெளிநாட்டிலும் நம் சிம் வேலை செய்யும் வசதி) போடாமல் போய், ஓடிபி வராமல், அறை வாடகை கட்ட முடியாமல் இரண்டு நாள் தவித்தேன். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம். ரோமிங்கை இங்கேயே இயக்கிவிடுங்கள். அங்கே போனதும் இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, இணையத்துக்கு ஒரு இசிம் (அட்டை செருகாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) போட்டுக்கொள்ளுங்கள். கிட்ஹப் (நிரல்களைச் சேமிக்கும் தளம்), மெயில் கணக்குகளுக்குள் போன் இல்லாமலே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

ஜப்பானில் 100 வோல்ட், இரண்டு தட்டை முள் பிளக். லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். அப்புறம், நம் உப்புக்காற்றில் கேபிள் முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் செருகிப் பார்த்துவிடுங்கள்.