பழைய பருத்திக்காட்டில் கீரை போடலாமா?

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறோம். முன்பு பருத்திக்காடாம். டி.டி.டி., பி.எச்.சி. பவுடர், எண்டோசல்பான் என்று பூச்சிமருந்து எல்லாம் அடித்த நிலம் என்கிறார்கள். கீரை, காய்கறி போட்டுச் சாப்பிடலாமா? இரண்டு வயதுப் பேரன் மண்ணை வாயில் வைக்கிறான். மகள் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இந்த மருந்துகள் கொழுப்பில் தங்குபவை, பாலிலும் ஓரளவு வரும் என்பது உண்மைதான். ஆனாலும் தாய்ப்பால் தரும் நன்மை அதைவிடப் பெரிது.

பயிருக்கு டி.டி.டி. அடிப்பது 1989-லும் பி.எச்.சி. 1997-லும் எண்டோசல்பான் 2011-லும் தடை செய்யப்பட்டன. மண்ணில் டி.டி.டி. பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம். டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.இ. என்ற பொருள் இன்னும் பிடிவாதமானது. ஆனால் இவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாமல் மண் துகளோடு ஒட்டிக்கொள்வதால், பெரும்பாலான செடிகளின் வேர் வழியே அதிகம் ஏறுவதில்லை. பூசணி இனத்தில் சில மட்டும் விதிவிலக்கு. கேரட், முள்ளங்கியில் தோலில்தான் சேரும், சீவிவிடுங்கள். கீரையில் ஒட்டிய மண்தான் பிரச்சினை. வேரை நறுக்கிவிட்டு, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள்.

எனக்குக் கவலை கோழி மேல்தான். மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டை மஞ்சள் கருவில் இந்த மருந்து சேரும். நாட்டுக்கோழி முட்டை என்று ஆசையாகப் பேரனுக்குத்தானே கொடுப்பீர்கள்! மண் பரிசோதனை முடியும்வரை அந்த நிலத்தில் கோழியை மேய விடாதீர்கள். மண்வள அட்டைப் பரிசோதனையில் பூச்சிமருந்து எச்சம் பார்ப்பதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது.

லிண்டேனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், டி.டி.டி.யை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. லிண்டேன் பி.எச்.சி.யிலேயே இருப்பதுதான். இது பல வருடம் உடம்பில் சேர்வதைப் பற்றிய பேச்சு. ஒரு பிடி மண் வாயில் போனதற்காக ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். விளையாடி வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மண் தின்பது பழக்கமாகவே இருந்தால், இரும்புச்சத்துக் குறைவா, வயிற்றில் பூச்சியா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், மோட்டார் ரூமில் பழைய மருந்து டப்பா, பவுடர் மூட்டை கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் கையால் தொடாமல், அறையைப் பூட்டிவிட்டு வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். மண்ணில் மிச்சம் இருப்பதைவிட அந்த டப்பாதான் உங்கள் பேரனுக்கு உடனடி ஆபத்து.