கல்வெட்டும் கழுவெளியும்: வாசகர் கேள்வி – பதில்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்குக் கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கக் கற்றுத்தர ஆசை. திருவல்லிக்கேணி கோயிலுக்கே கூட்டிப் போகலாமா?
– ஆசிரியை, குரோம்பேட்டை

பார்க்கக் கூட்டிப் போங்கள். பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டே இருக்கிறது. ஆனால் படியெடுக்க மை தொட்டுத் தட்டுகிற மைப்பந்து அங்கே வேண்டாம். அனுமதி இல்லாமல் கோயில் கல்லில் படியெடுக்கக் கூடாது. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ கோலமாவோ பூசுவதும் தப்பு. ஓரத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தானே எழும்பும்.

பயிற்சிக்குக் கல் தச்சரிடம் உடைந்த பெயர்க்கல் கேட்டு வாங்குங்கள். நான்கு பேருக்கு ஒரு கல் என்றால் ஐந்து போதும். தேங்காய்நார் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிக் கழுவுங்கள். கம்பி பிரஷ் ஆகாது. மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத அச்சுத்தாளை நனைத்துக் கல்லில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுங்கள். பிறகு அடர்ந்த பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்டினால் தாள் எழுத்துக்குள் இறங்கும். தேய்த்தால் கிழியும். கிழிந்த இடத்தில் ஈரத்துண்டுத் தாள் ஒன்றை வைத்துத் தட்டினால் சேர்ந்துகொள்ளும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். தாளின் மினுமினுப்பு அடங்கி, விரலில் ஈரம் ஒட்டாமல், தொட்டால் மட்டும் குளிர வேண்டும். மை போடுகிற பதம் அதுதான். துணியில் பஞ்சைக் கட்டிய மைப்பந்தைத் தட்டில் தொட்டு, மிச்ச மையை வேறு தாளில் ஒற்றிவிட்டு, மெல்ல மெல்லத் தட்டுங்கள். ஈரம் கூடினால் மை ஊறி எழுத்து அடைந்துவிடும். காய்ந்துபோனால் தாள் கல்லை விட்டு எழும்பி, எழுத்து மங்கும். சென்னை வெயிலில் பதம் நிற்காது, ஓடிவிடும். காலை ஏழு மணிக்கே நிழலில் தொடங்குங்கள். சரியாக வந்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. மை வெளிப்பக்கம் படுவதால் இடவலம் மாறாது, அப்படியே படிக்கலாம்.

பள்ளிக்கரணைக் கழுவெளியில் (சதுப்புநிலத்தில்) பறவை பார்க்கப் பிள்ளைகளுக்கு 10×50 பைனாகுலர் வாங்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

வேண்டாம். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். உருப்பெருக்கம் ஏற ஏறக் கை நடுக்கமும் பெரிதாகும், லென்ஸ் பெரிதானால் எடை கூடிக் கழுத்தும் வலிக்கும். 8×32 போதும், மூன்று பேருக்கு ஒன்று. முதலில் இரு குழல்களையும் மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்குழல் வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் "ஒன்றும் தெரியலை சார்" என்று திருப்பிக் கொடுக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

இன்னொன்று, பைனாகுலரைக் குனிந்து பார்த்து எடுத்தால் பறவை தொலைந்தது. கண் பறவை மேலேயே இருக்க, கருவி கண்ணுக்கு வர வேண்டும். வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் வெயில் முதுகில் படும்படி நிறுத்துங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் காக்கை நிறம்தான். பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும். கருவியைக் கையில் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.