மெல்ல மெல்லுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இரவுப் பணி. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தோழி கொடுத்த வேப்பை (மின் சிகரெட்), ‘வாடை வராது’ என்ற தைரியத்தில் இழுத்துப் பார்த்தேன். இப்போது கண் விழித்ததும் கை தலையணைக்கு அடியில் போகிறது. ஒரு கருவி நான்கு நாளில் தீர்ந்துவிடுகிறது. விட்டுவிட நினைத்து மருந்துக் கடையில் நிக்கோடின் கம் வாங்கினேன். இரண்டாவது கம்மிலேயே விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். ஆசையும் அடங்கவில்லை. மூன்றாம் நாள் தோற்றுப்போய்ப் பழையபடி ஆகிவிட்டது. கம்மிலும் நிக்கோடின்தானே இருக்கிறது? ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதில் என்ன பயன்? வேப் தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் மருத்துவரிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கம்மை எப்படி மெல்ல வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தது என்று படித்த உடனேயே, அதைச் சாதாரணச் சூயிங் கம்போல மென்றிருக்கிறீர்கள் என்பது புரிந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். உங்களைப் போலவே “கம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்” என்றார். என் எதிரிலேயே ஒன்றை வாயில் போடச் சொன்னேன். தாடை ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. நடுநடுவே எச்சிலை விழுங்கினார். மூன்று நிமிடத்தில் முதல் விக்கல். நிறுத்தச் சொல்லிவிட்டு, “உங்கள் வீட்டில் யாராவது வெற்றிலை போடுவார்களா?” என்று கேட்டேன். பாட்டி போடுவாராம், கூடவே புகையிலையும். “பாட்டி புகையிலையை மென்றுகொண்டே இருப்பாரா?” சற்று யோசித்தார். “இல்லை. கன்னத்தில் அடக்கிக்கொள்வார்” என்றார். சொன்ன மறுகணமே அவருக்கு விளங்கிவிட்டது.

நிக்கோடின் கம்மும் அப்படி அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். நிதானமாக மெல்லுங்கள். பத்துப் பதினைந்து முறை மென்றதும் மிளகு பட்டதுபோல நாக்கில் ஒரு காரம், ஈறில் ஒரு குறுகுறுப்புத் தெரியும். அத்துடன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போலக் காரம் அடங்கும். மறுபடி நாலைந்து முறை மென்று, இந்தத் தடவை மறு கன்னத்தில் வையுங்கள். அரை மணி நேரம் இப்படியே செய்தால் ஒரு கம்மின் வேலை முடிந்துவிடும். மருந்து உடம்புக்குள் போகும் வழி கன்னத்தின் உட்தோல். எச்சிலோடு விழுங்கினால் அது வயிற்றை எரிக்கும், விக்கலைத் தரும். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும். தொல்லை மட்டும் வந்து ஆசை அடங்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரவுப் பணி என்கிறீர்கள். கையில் காப்பி இல்லாமல் இருக்காது. காப்பி, எலுமிச்சைச் சாறு, கோலா போன்ற பானங்கள் வாயைப் புளிப்பாக்கிவிடும். புளிப்பான வாயில் நிக்கோடின் கன்னத்தோலைச் சரியாகத் தாண்டாது. அதனால்தான் கம்மிலேயே புளிப்பை முறிக்கும் உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். புகையிலையோடு சுண்ணாம்பைச் சேர்க்கும்போது நடப்பதும் இதே ரசாயனம்தான். ஆகவே கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்னாலும், அது வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

இந்தக் கம் பிறந்த கதையும் கன்னத்தில் அடக்கியதில்தான் தொடங்குகிறது. 1960-களில் சுவீடன் நீர்மூழ்கிக் கப்பல்களில் புகை பிடிக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளித்தார்கள். லுண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கிளேஸ் லுண்ட்கிரென் இதைக் கவனித்து, மருந்து நிறுவனம் ஒன்றில் இருந்த ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளருக்கு 1967-இல் கடிதம் எழுதினார். ஃபெர்னோ தானே சிகரெட்டை விட முடியாமல் தவித்தவர். அவர் உருவாக்கிய கம் 1978-இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இன்று இந்தக் கம் போன்ற நிக்கோடின் மாற்று மருந்துகள் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இருக்கின்றன.

இனி, நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா? இதே கேள்வியைப் பல பெற்றோர் என்னிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே நிக்கோடின்தான், மறுக்கவில்லை. ஆனால் வேப்பில் இழுத்தது நுரையீரல் வழியாகப் பத்து இருபது விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. இழுத்தேன், உடனே இதமாக இருந்தது என்று மூளை கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. ஒரு நாளில் நூறு, இருநூறு முறை இந்தப் பாடத்தை அது படிக்கிறது. உங்களைக் கட்டிப் போட்டிருப்பது இந்த வேகம். கம்மின் நிக்கோடின் ரத்தத்தில் ஏறி உச்சத்துக்கு வர அரை மணி நேரம் போல ஆகும். தோலில் ஒட்டும் பேட்ச் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டுமே வேப்பைப் போலத் திடீரென்று உச்சத்துக்கு ஏறாது. ஆகவே “போட்டதும் ஒன்றும் தெரியவில்லையே” என்று ஏமாற்றம் அடையாதீர்கள். ஒன்றும் தெரியாமல் வருவதுதான் இந்த மருந்தின் குணம். உடம்பின் தவிப்பை அது தணிக்கும். மூளைக்குப் பழைய பாடத்தைச் சொல்லித் தராது. கையும் வாயும் பழக்கத்தை மறக்க அந்த இடைவெளி போதும். பிறகு மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தலையணை பற்றிய வரிதான். கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் நிக்கோடின் தேவைப்பட்டால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று பொருள். அளவைத் தீர்மானிக்க மருத்துவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். உங்களுக்கு 2 மில்லிகிராம் கம் மட்டும் போதாது என்பது என் கணிப்பு. கடையில் எளிதாகக் கிடைப்பது அதுதான். 4 மில்லிகிராம் கம்முக்கு மருந்துச் சீட்டு வேண்டும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்தக் கருவிகளில் பலவற்றின் உறையில் 5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 50 மில்லிகிராம் நிக்கோடின். 2 மில்லிலிட்டர் கருவியில் 100 மில்லிகிராம். நிக்கோடினை உப்பாக மாற்றிச் சேர்ப்பதால் தொண்டை கரகரக்காமல் அவ்வளவும் உள்ளே போய்விடுகிறது. மாம்பழம், தர்பூசணி என்று சுவையூட்டி, சிகரெட்டே தொடாத பிள்ளைகளை இதில் இழுத்துவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கள்ளத்தனமாக வரும் சரக்கின் உறையில் எழுதியிருப்பதை நம்பவும் முடியாது. ஆகவே எத்தனை நாளில் ஒரு கருவி தீர்கிறது, விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு என்ற இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிலிருந்து அவர் அளவைப் பிடித்துவிடுவார்.

மருத்துவரிடம் சொல்லப் பயம் என்கிறீர்கள். மின் சிகரெட் தடைச் சட்டம் 2019-இல் வந்தது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது, இருப்பு வைப்பது ஆகியவற்றுக்குத் தண்டனை சொல்கிறது. “எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, விட வேண்டும்” என்று மருத்துவரிடம் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் தொழில் கடமை. பெண் என்பதால் யாராவது முகம் சுளித்தால், அந்த அறையை விட்டு எழுந்து வேறு மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356 இருக்கிறது. கட்டணம் இல்லை. தென்னிந்திய மொழிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் இருந்து பேசுகிறார்கள், தமிழிலேயே பேசலாம்.

நான் உங்களைப் பரிசோதித்தால் பேட்ச், கம் இரண்டையும் சேர்த்துத்தான் பரிந்துரைப்பேன். பேட்ச் நாள் முழுவதும் சீரான ஓர் அளவைத் தாங்கிப் பிடிக்கும். திடீரென்று ஆசை பொங்கும்போது கம். ஒன்றைத் தனியாகப் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்ப்பது கூடுதல் பலன் தருகிறது என்பது சிகரெட் பிடிப்பவர்களிடம் உறுதியாகியிருக்கிறது. 130-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த மாற்று மருந்துகள் சிகரெட்டை விடும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டியது தெரிந்தது. வேப்பை விடுபவர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் குறைவுதான்; அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் உடம்பு கேட்பது அதே நிக்கோடின் என்பதால் அதே மருந்தைத் தருகிறோம். இதில் பலன் கிடைக்காவிட்டால் வரெனிக்லின் என்ற மாத்திரை இருக்கிறது. நிக்கோடின் இல்லாதது; சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். 16 முதல் 25 வயது வரையுள்ள, வேப்புக்கு அடிமையானவர்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2025-இல் வெளியானது. 12 வாரச் சிகிச்சை முடிந்தபோது வரெனிக்லின் சாப்பிட்டவர்களில் 51 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 சதவீதத்தினரும் வேப்பை விட்டிருந்தார்கள். ஆகவே இந்த வழி அடைபட்டால் அடுத்த வழி இருக்கிறது.

பேட்ச் 21, 14, 7 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் வரும். பெரிய அளவில் தொடங்கினால் பொதுவாக ஆறு வாரம், அடுத்த அளவு இரண்டு வாரம், கடைசி அளவு இரண்டு வாரம். உங்களுக்கு எதில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். மேற்கையிலோ முதுகிலோ, எண்ணெய்ப் பசையில்லாத, முடியில்லாத இடத்தில் ஒட்டி உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். வெட்டிப் பாதியாக ஒட்டாதீர்கள். ‘காலையில் ஒட்டவும்’ என்று அட்டையில் இருக்கும். உங்களுக்கு விடிவது பிற்பகலில். நீங்கள் எழுந்திருக்கும் நேரம்தான் உங்கள் காலை. தூக்கத்தில் வினோதமான கனவுகள் வந்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள், மருத்துவரை அழையுங்கள். இதய நோய் இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று நாள் கடினமாக இருக்கும். எரிச்சல் வரும், கவனம் நிற்காது, பசிக்கும், காரணமில்லாமல் அழுகைகூட வரலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசை பொங்கும் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் தானே தணியும். இடைவேளையில் எங்கே போய் இழுப்பீர்கள்? மாடிப்படியா, கழிவறையா? முதல் இரண்டு வாரம் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். இடைவேளை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கம்மை வாயில் போடுங்கள். ஆசை வந்த பிறகு போட்டால் அது வேலை செய்வதற்குள் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். மெதுவான மருந்துக்கு முன்கூட்டியே வேலை கொடுக்க வேண்டும்.

என் அனுபவத்தில் அதிகம் பேர் வழுக்குவது மூன்றாம் வாரத்தில். “நன்றாகத்தான் இருக்கிறேன், இனி எதற்கு மருந்து” என்று நிறுத்திவிடுவார்கள். நன்றாக இருப்பதே மருந்தால்தான். பத்துப் பன்னிரண்டு வாரம் போல முழுதாக முடியுங்கள். நடுவில் ஒரு நாள் யாரோ நீட்டி, நீங்கள் இழுத்துவிட்டால், பேட்சைக் கிழித்து எறிய வேண்டாம். அது தோலிலேயே இருக்கட்டும்; அடுத்த மணியிலிருந்து தொடருங்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்: வேப் இல்லை என்று சிகரெட்டைப் பற்றவைக்காதீர்கள். இதுவரை தொடாதது உங்கள் பெரிய பலம்.

மருத்துவரைப் பார்த்துத் தேதி குறித்ததும், மீதமிருக்கும் கருவிகளைத் தோழிக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் சாதாரணக் குப்பையிலும் வேண்டாம். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அன்றிரவு வேலைக்குப் புறப்படும் முன், தலையணைக்கு அடியில் அது இருந்த இடத்தில் ஒரு பேட்ச் உறையை வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் தூங்கி விழித்ததும் உங்கள் கை அங்கேதான் போகும். போகட்டும்.