கல்யாணத்துக்கு ஐந்து மாதம்: கொழுப்பு முதலா, தசை முதலா?

கேள்வி: வயது 29. உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தையில் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம். ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். "முதல் மூன்று மாதம் ட்ரெட்மில் மட்டும், கொழுப்பு கரைந்த பிறகுதான் வெயிட்" என்கிறார் டிரெய்னர். ஃபேட் பர்னர், மாஸ் கெய்னர், வே புரோட்டீன் மூன்றையும் சேர்த்து 'கல்யாணப் பேக்கேஜ்' வாங்கவும் சொல்கிறார். பவுடர் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் அம்மா. என்ன செய்வது? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். அவரையும் அழைத்துப் போகலாமா?

பதில்: தம்பி, மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். முதல் நாளிலேயே வெயிட்டைத் தொடுங்கள். கொழுப்பைக் குறைப்பதும் தசையை ஏற்றுவதும் உங்களைப் போல இதுவரை எடையே தூக்காத, உடம்பில் கொழுப்பு சேர்ந்திருக்கிற ஆளுக்கு ஒரே சமயத்தில் நடக்கும். பல வருடம் பயிற்சி செய்தவர்களுக்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது. வெறும் வயிற்றோடு ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே இருந்தால் எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் இறங்குவதில் தசையும் ஒரு பங்கு. கன்னம் ஒட்டிப்போய், தொப்பை மட்டும் மிச்சமாக மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாரம் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்க்வாட், மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ. அடுத்த நாள் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு இடுப்பில் குனிந்து நிமிரும் டெட்லிஃப்ட், மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன், தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை, இடையே இரண்டு நிமிடம் ஓய்வு. செட் முடியும்போது "இன்னும் இரண்டு தடவை தூக்கியிருக்கலாம்" என்று தோன்ற வேண்டும். அந்த அளவு எடை சரியானது. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், பலரும் செய்யாதது இதைத்தான். மற்ற நாட்களில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். தொப்பைக்கென்று படுத்தபடி தோளைத் தூக்கித் தூக்கி நூறு க்ரஞ்ச் போடுவதால் வயிற்றுத் தசை பலமாகும், அதன் மேலிருக்கும் கொழுப்பு போகாது. எந்த இடத்துக் கொழுப்பை முதலில் எடுப்பது என்பது உடம்பின் முடிவு.

சாப்பாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் புரதம் வர வேண்டும். பயந்துவிடாதீர்கள். மூன்று முட்டையில் 18 கிராம். பச்சையாக நிறுத்த 150 கிராம் கோழிக்கறியில் 30க்கு மேல். கறி இல்லாத நாளில் 50 கிராம் சோயா உருண்டை, அதில் 26. கெட்டியாக இரண்டு கிண்ணம் பருப்பு, ஒரு டம்ளர் பால், ஒரு கப் தயிர், ஒரு கைப்பிடி நிலக்கடலை, வழக்கமான இட்லியும் அளவான சோறும் சேர்ந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். குறைக்க வேண்டியது கம்பெனியில் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் டீயோடு வருகிற பஜ்ஜியும் பப்ஸும். இரவில் இரண்டாவது தடவை போடும் சோறும்.

இனி அந்தப் பேக்கேஜ். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாஸ் கெய்னர் என்பது எடை ஏறாத ஒல்லிப் பையன்களுக்கு விற்கிற பொருள். டப்பாவில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தை உடைத்துச் செய்த, சர்க்கரைக்குச் சொந்தக்காரன். ஃபேட் பர்னரில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின். அதற்கு ஒரு ஃபில்டர் காபி போதும். ஒரு டப்பா எடையை ஏற்ற, இன்னொன்று இறக்க. இரண்டையும் ஒரே ஆளுக்கு விற்கிறவருக்கு உங்கள் உடம்பைப் பற்றி என்ன கவலை இருக்கும்? டிரெய்னருக்குச் சம்பளம் குறைவு, டப்பாவுக்கு கமிஷன் உண்டு. பல ஜிம்களில் கணக்கு இவ்வளவுதான்.

வே புரோட்டீன் அப்படி இல்லை. அது பாலிலிருந்து வருவது. சாப்பாட்டில் புரதம் எட்டாத நாளில் ஒரு ஸ்கூப் போட்டுக்கொள்ளலாம். கிட்னி நன்றாக இருப்பவருக்கு இந்த அளவு புரதத்தால் கெடுதல் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிட்டால் அவருக்கும் நிம்மதி. ஆனால் ஜிம் கவுன்ட்டரில் வாங்காதீர்கள். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரை ஏமாற்ற வேறு எதையாவது போடுவார்களே, அதே வித்தை இங்கேயும் உண்டு. புரதத்தை அளக்கும் சாதாரண சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் உள்ள மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் டப்பாவில் எழுதியிருக்கும் 24 கிராம் புரதம் சோதனையிலும் வந்துவிடும், உங்கள் தசைக்குத்தான் வராது. ஹாலோகிராம் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். தயாரிப்பாளரோ அவருடைய நேரடி விநியோகஸ்தரோ தருகிற பில்லோடு மட்டும் வாங்குங்கள்.

மூன்றாம் மாதம் வேறொரு பேச்சு வரும். "தம்பி, டயம் கம்மியா இருக்கு, ஒரு சின்ன கோர்ஸ் போட்டுடலாமா?" அது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன், அதாவது ஸ்டீராய்டு. ஊசியாகவும் இருக்கும், மாத்திரையாகவும் இருக்கும். அன்றைக்கே வேறு ஜிம் பாருங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை விழும். கல்யாணத்துக்காகப் போட்ட ஊசிக்குப் பிறகு குழந்தைக்காக டாக்டரிடம் அலைகிற தம்பதிகள் இருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து ஜிம் லாக்கரில் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தள்ளுவண்டியில் டீ விற்பவருக்குக்கூடப் பதிவு வேண்டும். உங்கள் முதுகில் 60 கிலோ கம்பியை ஏற்றிவிடுகிறவருக்கு உரிமம் எதுவும் வேண்டாம்! நல்ல டிரெய்னர்களும் இருக்கிறார்கள், இந்தக் கூட்டத்தில் அவர்களைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

அப்பாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். சர்க்கரைக்கு எடைப் பயிற்சி ரொம்ப நல்லது. ஆனால் முதலில் அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ கதை வேறு. இவை சர்க்கரையைத் தாமே கீழே தள்ளும், உடற்பயிற்சியும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரும். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதால் பலர் "நான் சும்மா ஒரு மாத்திரைதான் போடுகிறேன்" என்பார்கள். அந்த 'ஒன்று' எது என்றுதான் கேட்கிறேன். தாழ்சர்க்கரைக்கு அடையாளம் வியர்வை, நடுக்கம், படபடப்பு. ஜிம்மில் எல்லோருக்கும் வியர்க்கிறது, எல்லோருக்கும் கை நடுங்குகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஆரம்பிக்கும் முன் குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும், தூக்கத்திலும்கூட இறங்கலாம். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஜிம் போகப் போகிறார் என்று அவருடைய டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் அவர் குறைப்பார்.

உங்கள் கணக்குக்கு வருவோம். வாரம் அரைக் கிலோ இறங்கினால் போதும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும் பாடி அனாலிசிஸ் மெஷின் தருகிற சீட்டைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். குடித்த தண்ணீருக்கே அதன் எண் மாறும். டேப் வாங்கி, வாரம் ஒருநாள் காலையில் சாப்பிடுவதற்கு முன் தொப்புளைச் சுற்றி அளந்து எழுதுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை என்பது கணக்கு. எடை நின்றுபோன வாரத்திலும் டேப் இறங்கிக்கொண்டிருந்தால் சரியாகத்தான் போகிறீர்கள்.

அப்புறம், கல்யாணக் கோட்டுக்கு இப்போதே அளவு கொடுத்துவிடாதீர்கள். துணியை மட்டும் எடுத்து வையுங்கள். மார்கழி முதல் வாரத்தில் அளவு தருவதாக டெய்லரிடம் இன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள், முகூர்த்த சீசனில் கடைசி நேரத்தில் போனால் கையில் எடுக்க மாட்டார்.